சர்வர் பக்கக் கோரிக்கைகளில் குக்கி: கோத்தகிரி வகுப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரியில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில், ஞாயிற்றுக்கிழமைகளில் நிரல் எழுதச் சொல்லித் தருகிறேன். கட்டபெட்டு, அரவேணு, குன்னூர் என்று பல ஊர்களிலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள். பெரும்பாலோர் சிறு தேயிலை விவசாயிகளின் வீட்டுப் பிள்ளைகள். சிலர் தங்கும் விடுதிகளுக்குத் தளம் செய்து கொடுக்கிறார்கள். ஒரு நிரல் இன்னொரு சர்வரிடம் பேசத் தொடங்கும் இடத்தில் எல்லோரும் ஒரே குழியில் விழுகிறார்கள். அந்தக் குழியின் பெயர் குக்கி. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்திருக்கிறேன். முதலிலிருந்து படித்தால் நல்லது, பின்னால் உள்ள பதில்கள் முன்னால் உள்ளவற்றை நம்பி நிற்கின்றன.

குக்கி என்றால் என்ன அக்கா? விளம்பரம் காட்டுவதற்கு வைப்பதுதானே?

விளம்பரம் அதன் ஒரு பயன் மட்டும். அது பிறந்த காரணம் வேறு. பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் எச்டிடிபி நெறிமுறைக்கு ஞாபகம் கிடையாது. ஒரு கோரிக்கை, ஒரு பதில், அத்தோடு சரி. அடுத்த நொடி அதே ஆள் திரும்பி வந்தாலும் சர்வருக்கு அவர் புது ஆள். 1994-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் இருந்த லூ மோன்டுல்லி, இணையக் கடையில் வாங்குபவரின் கூடையை நினைவில் வைப்பதற்காக இதற்கு ஒரு வழி செய்தார். சர்வர் சிறு துண்டு எழுத்தைக் கொடுக்கும். பிரவுசர் அதை வைத்திருந்து, அந்தச் சர்வரிடம் போகும்போதெல்லாம் திருப்பிக் காட்டும்.

தொழிற்சாலைக்குப் பசுந்தேயிலை போடும்போது தரும் சீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். சீட்டில் ஓர் எண் இருக்கிறது. இந்த மாதம் எத்தனை கிலோ, முன்பணம் எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்பதெல்லாம் தொழிற்சாலைப் பேரேட்டில் இருக்கிறது. குக்கி என்பது சீட்டு. செஷன் என்பது பேரேட்டில் உங்களுக்கான பக்கம். இரண்டையும் ஒன்றென்று நினைப்பவர்களுக்குப் பிறகு வரும் எதுவும் விளங்காது.

பிரவுசரில் உள்நுழைந்துதான் இருக்கிறேன். அதே முகவரியை என் நிரல் கேட்டால் மட்டும் உள்நுழைவுப் பக்கம் வருகிறதே, ஏன்?

சீட்டு உங்கள் அப்பாவின் சட்டைப்பையில் இருக்கிறது. அதைக் கொடுக்காமல், "போய்க் கணக்குக் கேட்டு வா" என்று உங்களை அனுப்பினால் என்ன ஆகும்? தொழிற்சாலையில் உங்களை யார் என்றுதான் கேட்பார்கள். பிரவுசர் வாங்கிய குக்கி பிரவுசரிடமே இருக்கிறது. உங்கள் பிஎச்பி நிரலோ பைதான் நிரலோ வெறுங்கையோடு போகும் தனி ஆள். ஒரே கணினியில் ஓடினாலும் அப்படித்தான்.

சர்வர் பக்க நிரல் என்று வரும்போது இன்னொரு சிக்கலும் சேர்கிறது. வருகையாளரின் பிரவுசர் உங்கள் சர்வரிடம் வருகிறது. உங்கள் சர்வர் மூன்றாவது சர்வரிடம் போகிறது. இவை இரண்டு தனித்தனிப் பயணங்கள், இரண்டுக்கும் தனித்தனிக் குக்கிகள். முதல் பயணத்தில் உங்கள் சர்வர் சீட்டுக் கொடுக்கும் இடத்தில் இருக்கிறது. இரண்டாவதில் சீட்டு வாங்கும் இடத்தில் இருக்கிறது. எந்தப் பிழை வந்தாலும் என்னிடம் ஓடி வருவதற்கு முன் ஒரு தாளில் எழுதுங்கள்: இந்தக் கோரிக்கையை அனுப்புவது யார், அவர் கையில் இருப்பது யாருடைய சீட்டு. பாதிப் பிழைகள் அந்தத் தாளிலேயே அகப்பட்டுவிடும்.

சர்வர் எப்படிக் கொடுக்கிறது? நான் எப்படித் திருப்பிக் கொடுக்க வேண்டும்?

பதிலின் ஹெடர் பகுதியில், அதாவது உள்ளடக்கத்துக்கு முன் வரும் குறிப்பு வரிகளில், 'செட்-குக்கி' என்ற வரியாக வருகிறது. அதில் பெயர், சமக்குறி, மதிப்பு. பிறகு அரைப்புள்ளி இட்டுச் சில நிபந்தனைகள்: எந்த டொமைனுக்கு (தளப் பெயருக்கு), எந்தப் பாதைக்கு ('பாத்'), எவ்வளவு காலத்துக்கு, பாதுகாப்பான இணைப்பில் மட்டுமா என்று. ஐந்து குக்கி என்றால் ஐந்து வரிகள்.

திருப்பி அனுப்பும்போது 'குக்கி' என்ற ஒரே வரி. அதில் பெயரும் மதிப்பும் மட்டும். ஒன்றுக்கு மேல் இருந்தால் அரைப்புள்ளியும் ஓர் இடைவெளியும் விட்டு அடுத்தது. நிபந்தனைகள் உங்களுக்கான குறிப்பு, அவற்றைத் திருப்பி அனுப்பக் கூடாது. செட்-குக்கி வரியை அப்படியே முழுதாக நகலெடுத்து அனுப்பியவர்கள் எங்கள் வகுப்பில் நிறையப் பேர். அப்போது 'பாத்' என்பதையும் ஒரு குக்கியின் பெயராகச் சர்வர் எடுத்துக்கொள்ளும்.

பிரவுசரிலிருந்து குக்கியை நகலெடுத்து நிரலில் ஒட்டினேன். நேற்று வந்தது, இன்று வரவில்லை.

சீட்டு உங்களிடம் பத்திரமாக இருக்கிறது, பேரேட்டில் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டார்கள். குக்கியின் ஆயுள் வேறு, செஷனின் ஆயுள் வேறு. பிஎச்பி செஷனுக்கு முன்னிருப்பு 1440 விநாடி, அதாவது 24 நிமிடம். அசைவில்லாமல் அதைத் தாண்டிய செஷன் எப்போது வேண்டுமானாலும் துடைக்கப்படலாம். தளம் ஓட்டும் வேறு மென்பொருள்களான ஏஎஸ்பி டாட்நெட்டில் 20 நிமிடம், டாம்கேட்டில் 30 நிமிடம். தளத்துக்காரர் இவற்றைக் கூட்டியோ குறைத்தோ வைத்திருப்பார்.

ஒட்டிய குக்கி சோதனைக்கு உதவும், நிரந்தர வேலைக்கு உதவாது. நிரலே உள்நுழைய வேண்டும். தரவு கேட்ட இடத்தில் உள்நுழைவுப் பக்கம் வந்தால் மறுபடி உள்நுழைந்து ஒரே ஒரு முறை திரும்பக் கேட்க வேண்டும். அந்த 'ஒரே ஒரு முறை' முக்கியம். முடிவில்லாமல் சுற்ற விட்டால், கடவுச்சொல் மாறிய அன்று உங்கள் நிரல் நூறு தடவை தவறான கடவுச்சொல்லைத் தட்டிக் கணக்கையே பூட்டவைக்கும்.

குக்கி ஜார் என்கிறீர்களே, அது கோப்பா, நூலகமா?

வந்த குக்கிகளை நிபந்தனைகளோடு சேர்த்து வைக்கும் பெட்டி. நினைவகத்தில் இருக்கலாம், கோப்பாகவும் எழுதலாம். கோரிக்கை போகும்போது அந்த முகவரிக்குப் பொருந்துகிற குக்கிகளை மட்டும் எடுத்து வைக்கும். காலம் கடந்ததைத் தூக்கி எறியும். சர்வர் புது மதிப்பு கொடுத்தால் பழையதை மாற்றும். சர்வர் அழிக்கச் சொன்னால் அழிக்கும். குக்கியை அழிப்பதற்குத் தனிக் கட்டளை இல்லை. காலாவதி நாளைக் கடந்த காலத்தில் வைத்தோ, மேக்ஸ்-ஏஜ் (ஆயுளை விநாடியில் சொல்லும் நிபந்தனை) மதிப்பைப் பூஜ்யமாக வைத்தோ அதே பெயரில் மறுபடி அனுப்புவார்கள், அவ்வளவுதான்.

இத்தனையையும் கையால் எழுதாதீர்கள். எழுதிப் பார்ப்பது நல்ல பயிற்சி. நாலு பேர் பயன்படுத்தும் நிரலில் நூலகத்தின், அதாவது ஏற்கெனவே எழுதிவைத்த நிரல் தொகுப்பின், ஜாரையே வையுங்கள்.

எந்த மொழியில் எது தானாக நடக்கும்? ஒரே இடத்தில் சொல்லிவிடுங்கள்.

பைதானின் ரிக்வெஸ்ட்ஸ் நூலகத்தில் தனித்தனியாக அழைத்தால் ஒவ்வோர் அழைப்பும் புது ஆள். செஷன் என்ற பொருளை உருவாக்கி அதன் வழியாக அழைத்தால் ஜார் கூடவே வரும். (இந்தச் செஷன் உங்கள் பக்கத்தில் இருப்பது. பேரேட்டுச் செஷனோடு குழப்ப வேண்டாம். ஒரே பெயரை இரண்டுக்கும் வைத்துவிட்டார்கள்.) அந்தப் பொருளின் ஓர் அழைப்புக்கு மட்டும் கையால் குக்கி கொடுத்தால் அது அந்த அழைப்போடு போய்விடும், ஜாரில் தங்காது.

பிஎச்பியில் வேறு சர்வரைக் கேட்க உதவும் கர்லில் குக்கி இயந்திரம் முதலில் அணைந்தே இருக்கும். குக்கிக் கோப்பு என்ற அமைப்புக்கு வெற்றுச் சரம் கொடுத்தால்கூடப் போதும், நினைவகத்தில் ஜார் திறந்துகொள்ளும். சர்வரில் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோடில், கோரிக்கை அனுப்பும் ஃபெட்ச் ஜார் வைத்திருப்பதில்லை. நீங்களே படித்து நீங்களே அனுப்ப வேண்டும், அல்லது அதற்கென ஒரு நூலகம் சேர்க்க வேண்டும். டாட்நெட்டின் பழைய எச்டிடிபி-வெப்-ரிக்வெஸ்டில் குக்கி-கன்டெய்னர் என்ற பண்பு காலியாகவே தொடங்கும். ஒரு கன்டெய்னரை உருவாக்கி எல்லாக் கோரிக்கைகளுக்கும் அதையே மாட்ட வேண்டும். புதிய எச்டிடிபி-கிளையன்டில் நேர்மாறு: கேட்காமலே ஜார் உண்டு. அந்த வசதி எவ்வளவு ஆபத்தானது என்று பிறகு சொல்கிறேன்.

கடவுச்சொல் சரி. 200 என்று பதிலும் வருகிறது. ஆனாலும் உள்ளே போகவில்லை.

200 என்பது "உங்கள் கோரிக்கைக்குப் பதில் தந்தேன்" என்பது மட்டுமே. 'கடவுச்சொல் தவறு' என்று எழுதிய பக்கத்தையும் பல தளங்கள் 200 என்றே அனுப்புகின்றன. பதிலின் உடலைப் படியுங்கள். உள்ளே போனால் மட்டும் தெரியும் ஒரு சொல்லைத் தேடுங்கள். 'வெளியேறு' என்ற இணைப்பு அதற்கு வசதி.

அடுத்து, நீங்கள் படிவத்தை முதலில் எடுத்தீர்களா? நேரே கடவுச்சொல்லை அனுப்பினீர்களா? பெரும்பாலான உள்நுழைவுப் படிவங்களில் கண்ணுக்குத் தெரியாத ஒரு புலத்தில் நீளமான எழுத்துக் குவியல் இருக்கும். வேறு தளத்திலிருந்து யாரும் போலிப் படிவம் அனுப்பிவிடக் கூடாது என்பதற்கான காவல் அது. அந்தக் குவியலும் முதல் பக்கம் கொடுத்த குக்கியும் ஒரு ஜோடி. ஆகவே வரிசை இதுதான்: படிவப் பக்கத்தைக் கேளுங்கள், வந்த குக்கியை ஜாரில் வையுங்கள், மறைபுலத்தை எடுங்கள், பிறகு அதே ஜாரோடு பெயர், கடவுச்சொல், மறைபுலம் மூன்றையும் அனுப்புங்கள். ஒரு பக்கத்தில் எடுத்த குவியலை வேறு ஜாரோடு அனுப்பினால் ஜோடி பிரிந்துவிடும்.

உள்நுழைந்ததும் வேறு பக்கத்துக்குத் திருப்பிவிடுகிறது. அங்கே போய்ப் பார்த்தால் குக்கி காணவில்லை.

குக்கி நடுவழியில் கொடுக்கப்பட்டது. கடவுச்சொல்லை ஏற்றதும் சர்வர் 302 என்ற பதிலை அனுப்புகிறது. அந்தப் பதிலிலேயே குக்கியும் போகவேண்டிய முகவரியும் இருக்கும். நூலகம் தானாக அடுத்த முகவரிக்குப் போய், கடைசிப் பதிலை மட்டும் உங்களிடம் தருகிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயில் ஏறியவர் குன்னூரில் வாங்கிய பொட்டலத்தை ஊட்டி நடைமேடையில் தேடுவதைப் போன்றது இது.

ஜார் இருந்தால் கவலையில்லை, வழியில் கொடுத்ததையும் சேர்த்துக்கொள்ளும். கையால் செய்கிறீர்கள் என்றால், தானாகப் பின்தொடர்வதை அணைத்துவிட்டு ஒவ்வொரு பதிலையும் நீங்களே பாருங்கள். ரிக்வெஸ்ட்ஸில் இடைப்பட்ட பதில்கள் 'ஹிஸ்டரி' என்ற பட்டியலில் கிடைக்கும். உள்நுழைவு சிக்கலாக இருக்கும் தளங்களில் நான் எப்போதும் முதலில் பின்தொடர்தலை அணைத்துவிட்டு ஒவ்வொரு படியாக நடந்து பார்க்கிறேன். ஒரு மாலை நேரம் செலவாகும், பிறகு பல வாரங்கள் மிச்சமாகும்.

எல்லாச் செட்-குக்கி வரிகளையும் ஒன்றாகச் சேர்த்துக் காற்புள்ளியில் வெட்டுகிறேன். சில நேரம் உடைகிறதே?

காலாவதித் தேதியில் கிழமைக்குப் பின் ஒரு காற்புள்ளி உண்டு, அங்கே வெட்டுப்படுகிறது. மற்ற ஹெடர்களைக் காற்புள்ளியிட்டுச் சேர்க்கலாம், செட்-குக்கியை மட்டும் சேர்க்கக் கூடாது. வரி வரியாகவே படியுங்கள். பெயரையும் மதிப்பையும் முதல் சமக்குறியில் மட்டும் பிரியுங்கள், மதிப்புக்குள்ளும் சமக்குறிகள் வரும். விழுக்காட்டுக் குறியோடு வந்த மதிப்பை அவிழ்த்துத் திரும்பக் கட்டாதீர்கள். வந்த எழுத்துகளை வந்தபடியே திருப்பிக் கொடுங்கள்.

டொமைன், பாத் எல்லாம் நான் பார்க்க வேண்டுமா?

ஜார் பார்த்துக்கொள்ளும். ஆனால் குக்கி ஏன் போகவில்லை என்று தேடும்போது உங்களுக்கு விதி தெரிந்திருக்க வேண்டும். டொமைன் குறிப்பிடாமல் வந்த குக்கி, கொடுத்த அதே பெயருக்கு மட்டும் திரும்பப் போகும். டொமைன் குறிப்பிட்டு வந்தால் அதன் துணைப் பெயர்களுக்கும் போகும். முன்னால் மூன்று டபிள்யூ போட்ட முகவரியில் உள்நுழைந்துவிட்டு, அது இல்லாத முகவரியில் தரவு கேட்டால் வெறுங்கையோடு நிற்பது இதனால்தான். 'செக்யூர்' என்று வந்தது பூட்டிய இணைப்பில் (எச்டிடிபிஎஸ்) மட்டுமே போகும். முகவரியில் ஓர் 'எஸ்' விட்டுப்போனால் குக்கியும் விட்டுப்போகும்.

ஒரு குக்கியின் அடையாளம் பெயர், டொமைன், பாத் மூன்றும் சேர்ந்தது. ஒரே பெயரில் இரண்டு பாதைகளுக்கு இரண்டு குக்கிகள் இருக்கலாம். இரண்டும் பொருந்தினால் இரண்டுமே போகும், நீளமான பாதை முன்னால். உங்கள் ஜாரில் ஒரே பெயர் இருமுறை தெரிந்தால் ஒன்றை அழித்துவிட அவசரப்படாதீர்கள். 2011-இல் வந்த ஆர்எஃப்சி 6265 என்ற ஆவணத்தில் இந்த விதிகள் வரிசையாக உள்ளன. ஆவணத்தின் நீளத்தைப் பார்த்து மிரள வேண்டாம், ஐந்தாம் பகுதியைப் படித்தால் போதும்.

'எச்டிடிபி-ஒன்லி' என்று இருக்கிறது. அப்படியென்றால் என் நிரல் படிக்கக் கூடாதா? சேம்சைட் தடுக்குமா?

இரண்டும் பிரவுசருக்குச் சொன்னவை. எச்டிடிபி-ஒன்லி என்பது பக்கத்தில் ஓடும் ஜாவாஸ்கிரிப்டின் கண்ணிலிருந்து குக்கியை மறைக்கும். சேம்சைட் என்பது வேறு தளத்திலிருந்து கிளம்பும் கோரிக்கையோடு பிரவுசர் குக்கியை அனுப்பலாமா என்பதைத் தீர்மானிக்கும். 2020-இல் குரோம் 80-ஆம் பதிப்பிலிருந்து, சேம்சைட் எதுவும் குறிப்பிடாத குக்கியை 'லாக்ஸ்' (வேறு தளத்திலிருந்து வரும் பெரும்பாலான கோரிக்கைகளோடு போகாதது) என்று எடுத்துக்கொள்ளத் தொடங்கியது. அப்போது பல இணைப்புகள் உடைந்து, எல்லாப் பழியும் சேம்சைட் மீது விழுந்தது. சர்வர் பக்க நிரலுக்கு அது பொருந்தாது. அங்கே குக்கி போகவில்லை என்றால் காரணம் முந்தைய பதிலில் இருக்கிறது.

பிரவுசரில் ஏழு குக்கி தெரிகிறது. என் ஜாரில் மூன்றுதான்.

மற்ற நான்கை ஜாவாஸ்கிரிப்ட் எழுதியிருக்கும். உங்கள் நிரல் பக்கத்தை எடுக்கிறதே தவிர அதில் உள்ள ஸ்கிரிப்டை ஓட்டுவதில்லை. பெரும்பாலும் அவை பார்வையாளர் எண்ணிக்கைக்கானவை, இல்லாமலே வேலை நடக்கும். பிரவுசரில் ஒவ்வொன்றாக அழித்துப் பக்கத்தைப் புதுப்பியுங்கள். எதை அழித்ததும் வெளியே தள்ளப்படுகிறீர்களோ அதுதான் உங்களுக்கு வேண்டியது.

எங்கள் விடுதித் தளத்தில் ஒருவருடைய முன்பதிவு இன்னொருவருக்குத் தெரிந்துவிட்டது. குக்கியால் இப்படி ஆகுமா?

ஆகும். எங்களுக்கே ஆகியிருக்கிறது. குன்னூர்ப் பக்கம் ஒரு சிறு தங்கும் விடுதிக்கு எங்கள் வகுப்புப் பையன் தளம் செய்தான். சரிபார்த்துக் கொடுத்தது நான். வருகையாளர் தம் எண்ணைக் கொடுத்ததும், எங்கள் சர்வர் முன்பதிவுச் சர்வருக்குப் போய் அவர் பெயரில் உள்நுழைந்து விவரத்தை எடுத்து வரும். ஜார் ஒன்றே ஒன்று, நிரலின் தலையில், எல்லோருக்கும் பொதுவாக. மழைக்காலம் முழுவதும் ஒரு புகாரும் இல்லை. ஒரு நேரத்தில் ஒருவர்தான் தளத்துக்கு வந்தார். மே மாதம் மலர்க் கண்காட்சிக்குக் கூட்டம் வந்தது. இரண்டு குடும்பங்கள் ஒரே நிமிடத்தில் பார்த்தன. முதல்வருடைய சீட்டின் மேல் இரண்டாமவருடைய சீட்டு விழுந்தது. முதல் குடும்பத்துக்கு இரண்டாம் குடும்பத்தின் தொலைபேசி எண்ணும் அறை எண்ணும் தெரிந்தன.

இது சின்னப் பிழை இல்லை. அது ஒரு கணக்குப் புத்தகமாக இருந்தால் பணம், மருத்துவமனையாக இருந்தால் நோய் விவரம். இதற்குத் தீர்வு ஒன்றுதான்: ஒவ்வொரு வருகையாளருக்கும் ஒரு ஜார். அதை உங்கள் சொந்தத் தளத்தில் அவருக்கு உள்ள செஷனில் வையுங்கள். நிரல் முழுவதற்கும் பொதுவான மாறியில் வைக்காதீர்கள். டாட்நெட்டின் எச்டிடிபி-கிளையன்டைப் பற்றி முன்பு எச்சரித்தது இதற்காகத்தான். ஒரே கிளையன்டை எல்லோருக்கும் பயன்படுத்துங்கள் என்று அறிவுரை சொல்வார்கள், அதுவும் சரியான அறிவுரைதான். ஆனால் அதன் ஜாரும் எல்லோருக்கும் பொதுவாகிவிடும். அங்கே ஜாரை அணைத்து, அந்தந்த ஆளின் குக்கியைக் கோரிக்கையில் நீங்களே வைக்க வேண்டும். பைதானில் செஷன் பொருளை நிரலின் தலையில் வைப்பதும் இதே பிழை.

சோதிக்கும்போது ஒருவராக உட்கார்ந்து சோதிக்காதீர்கள். இரண்டு பிரவுசர், இரண்டு பெயர், மாறி மாறி அழுத்துங்கள். விலை, வானிலை போல எல்லோருக்கும் ஒரே தரவை உங்கள் ஒரே கணக்கில் எடுக்கிறீர்கள் என்றால் மட்டும் ஒரே ஜார் போதும்.

வருகையாளரின் குக்கியை அப்படியே அடுத்த சர்வருக்கு அனுப்பிவிட்டால் வேலை எளிதுதானே?

அடுத்த சர்வரும் உங்களுடையது, இரண்டும் ஒரே செஷனைப் படிக்கின்றன என்றால் அனுப்பலாம். அப்போதும் தேவையான குக்கியைப் பெயர் சொல்லி எடுத்து அனுப்புங்கள், மொத்தமாகக் கொட்டாதீர்கள். வேறொருவர் சர்வர் என்றால் கூடாது. உங்கள் வீட்டுச் சாவியை வழிப்போக்கரிடம் கொடுப்பதும் அதுவும் ஒன்று. போகவேண்டிய முகவரியை வருகையாளரே கொடுக்கும் நிரல்களில் இது இன்னும் மோசம். கையால் எழுதிய குக்கி ஹெடர், திருப்பிவிடும்போது வேறு தளத்துக்கும் கூடவே போய்விடும் நூலகங்கள் உண்டு. ஜார் அந்தத் தவற்றைச் செய்யாது.

எதிர்த்திசையிலும் கவனம் வேண்டும். மூன்றாவது சர்வர் தன் டொமைன் பெயரோடு கொடுத்த செட்-குக்கி வரியை நீங்கள் வருகையாளருக்கு அப்படியே அனுப்பினால், அது உங்கள் டொமைனோடு பொருந்தாததால் பிரவுசர் ஏற்காது. அதை உங்கள் சர்வரிலேயே, அவருடைய ஜாரில் வைத்துக்கொள்ளுங்கள்.

என் பிஎச்பி பக்கம் என் தளத்தின் இன்னொரு பக்கத்தைக் கர்லில் கேட்கிறது. குக்கி இல்லாமல் கேட்டால் உடனே வருகிறது. குக்கி கொடுத்தால் உறைந்து நிற்கிறது!

நீங்கள் குக்கியைச் சரியாகக் கொடுத்ததால்தான் உறைகிறது. பிஎச்பி செஷனைக் கோப்பில் வைக்கும்போது, ஒரு பக்கம் அதைத் திறந்ததும் பூட்டிவிடும். முதல் பக்கம் பூட்டை வைத்துக்கொண்டு இரண்டாம் பக்கத்தின் பதிலுக்குக் காத்திருக்கிறது. இரண்டாம் பக்கம் அதே செஷன் எண்ணோடு வந்து பூட்டுத் திறக்கக் காத்திருக்கிறது. எதிரெதிரே வந்த இரண்டு பஸ்கள் குறுகிய கொண்டையூசி வளைவில் ஒன்றுக்கொன்று வழி விடாமல் நிற்கும் நிலை. நேர வரம்பு முடியும்வரை நகராது.

கர்லை அழைப்பதற்கு முன் செஷனை எழுதி மூடிவிடுங்கள். அதற்கென்றே பிஎச்பியில் செயற்கூறு உண்டு. அதைவிட நல்லது, உங்கள் தளத்தின் நிரலை நீங்களே எச்டிடிபி வழியாகச் சுற்றிக் கேட்காமல், அந்தச் செயற்கூற்றை நேரடியாக அழைப்பது.

ஜாரைக் கோப்பில் சேமிக்கச் சொன்னேன். கோப்பு காலியாகவே இருக்கிறது.

பிஎச்பியில் கர்ல் பொருள் அழியும்போதுதான் கோப்பு எழுதப்படும். 8-ஆம் பதிப்பிலிருந்து, மூடும் செயற்கூற்றை அழைத்தாலும் பொருள் அழிவதில்லை. மாறியை நீக்கினால்தான் அழியும். எழுதுமுன் படித்தால் காலியாகத்தான் இருக்கும். பைதானின் ஜார், காலாவதி குறிப்பிடாத குக்கிகளைச் சேமிக்கும்போது விட்டுவிடும். உள்நுழைவுக் குக்கி பெரும்பாலும் அந்த வகைதான். அவற்றையும் எழுது என்று தனியாகச் சொல்ல வேண்டும்.

கர்லின் கோப்பில் வரிக்கு ஏழு புலங்கள், நடுவில் டேப். எச்டிடிபி-ஒன்லி குக்கிகளின் வரி ஒரு வேலிக்குறியோடு தொடங்கும். குறிப்பு வரி என்று நினைத்து அதை நீக்கிவிடாதீர்கள். ஒரே கோப்பை இரண்டு நிரல்கள் ஒரே நேரத்தில் எழுத விடவும் வேண்டாம்.

மழையில் மின்சாரம் போய் வந்தது. அதிலிருந்து குக்கியும் சரியில்லை, இணைப்பும் சரியில்லை. நிரலை நான் தொடவே இல்லை.

கணினியின் தேதியைப் பாருங்கள். பழைய கணினியில் தாய்ப்பலகையின் சிறு பேட்டரி தீர்ந்திருந்தால், மின்சாரம் போய் வரும்போது கடிகாரம் பல ஆண்டுகள் பின்னால் போய்விடும். நம் மலையில் மழைக்காலத்தில் இது வாரம் ஒரு கதை. கடிகாரம் பின்னால் இருந்தால், சர்வர் எப்போதோ மறந்த குக்கியை உங்கள் ஜார் இன்னும் உயிருள்ளதாக நினைத்து அனுப்பும். முன்னால் ஓடினால், இப்போது வந்த குக்கியைக் காலாவதியானதென்று எறியும். பாதுகாப்புச் சான்றிதழும் தேதி பொருந்தாமல் இணைப்பை மறுக்கும். இணைப்பும் குக்கியும் ஒன்றாகக் கெட்டால் முதலில் கடிகாரத்தைச் சந்தேகியுங்கள்.

மேக்ஸ்-ஏஜும் எக்ஸ்பயர்ஸும் (காலாவதித் தேதி) ஒன்றாக வந்தால் மேக்ஸ்-ஏஜுக்குத்தான் மதிப்பு. அது தேதியாக இல்லாமல் விநாடிக் கணக்காக வருவதால் கடிகாரப் பிழையை ஓரளவு தாங்கும். ஆனால் வாங்கிய பிறகு கடிகாரம் குதித்தால் அதுவும் தாங்காது. பேட்டரியை மாற்றுங்கள், நேரத்தை இணையத்திலிருந்து சரிசெய்ய விடுங்கள்.

அடுத்தவர் தளத்தில் இப்படி உள்நுழைந்து தரவு எடுப்பது சரியா அக்கா?

உங்கள் சொந்தக் கணக்கில், தளத்துக்காரர் அனுமதித்த அளவில் எடுக்கலாம். கட்டபெட்டிலிருந்து வரும் பெண் ஒருத்தி, தன் அப்பாவின் தினசரி இலை எடையைக் கைபேசியில் காட்ட நிரல் எழுதினாள். முதலில் தொழிற்சாலை அலுவலகத்தில் போய்க் கேட்கச் சொன்னேன். அவர்கள் சம்மதித்ததோடு, குக்கியே தேவைப்படாத ஒரு நேர்வழியையும் திறந்துவிட்டார்கள். கேட்டதால் கிடைத்தது அது.

2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வர இ-பாஸ் (இணையத்தில் எடுக்கும் அனுமதிச் சீட்டு) வந்த பிறகு, விருந்தினர்களுக்கு நிரலே எடுத்துக் கொடுக்குமா என்று விடுதிக்காரர்கள் கேட்கிறார்கள். வேண்டாம் என்றே சொல்கிறேன். பயணி தம் பெயரில், தம் கையால் எடுக்க வேண்டியது அது. ஓடிபி, படத்தில் உள்ள எழுத்தைப் படித்து எழுதுவது போன்றவை மனிதர் இருக்கிறாரா என்று பார்க்க வைத்தவை. எந்தத் தளத்திலும் அவற்றைச் சுற்றிப்போக நான் சொல்லித் தர மாட்டேன்.

பிழை வந்தால் பதிவேட்டை உங்களுக்கு அனுப்பலாமா? முழுக் கோரிக்கையும் அதில் இருக்கிறது.

குக்கியின் மதிப்பை மறைத்துவிட்டு அனுப்புங்கள். செஷன் உயிரோடு இருக்கும்வரை அந்த மதிப்பை வைத்திருப்பவருக்குக் கடவுச்சொல் தேவையில்லை, அவரே நீங்கள். முதல் நான்கு எழுத்துகளை விட்டு மீதியை நட்சத்திரமாக்கினால் போதும். இரண்டு கோரிக்கைகளில் போனது ஒரே குக்கிதானா என்று பார்க்க எனக்கு நான்கு எழுத்தே போதும். உங்கள் நிரல் பதிவேட்டில் எழுதும்போதே அப்படி எழுதட்டும்.

ஜார் கோப்பைத் தளத்தின் பொதுக் கோப்புறையில் வைக்காதீர்கள், உங்கள் பயனர் மட்டும் படிக்கும்படி அனுமதியை 600 ஆக்குங்கள், நிரல்களைச் சேமித்துப் பகிரும் 'கிட்' களஞ்சியத்தில் நிரலோடு சேர்த்து ஏற்றாதீர்கள். ஏற்கெனவே முழு மதிப்போடு யாருக்காவது அனுப்பிவிட்டீர்கள் என்றால், அந்தச் செய்தியை அழிப்பது போதாது. தளத்துக்குப் போய் 'வெளியேறு' என்பதை அழுத்துங்கள். அப்போதுதான் பேரேட்டில் அந்தப் பக்கம் கிழிபடும். பிரவுசரை மூடுவதாலோ குக்கியை அழிப்பதாலோ உங்கள் கையிலுள்ள சீட்டு மட்டுமே போகும். அனுப்பிய நகல் இன்னும் செல்லும்.